ஆஸ்துமாவில் வெள்ளையணுக்களை அழைக்கும் வேதிச் செய்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூச்சிரைப்புக்காக மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். அதில் ஈசினோஃபில் என்ற வரி வட்டமிடப்பட்டிருக்கும். “ஈஸ்னோபீலியா இருக்கிறதாம்” என்று வீட்டுக்கு வந்து சொல்வார்கள். அந்த அணு ஏன் கூடியது, அதை எது கூட்டியது, கூடிய பிறகு மூச்சுக்குழாயில் அது என்ன செய்கிறது என்பவை பெரும்பாலும் கேட்கப்படாமலேயே போகின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் கடுமையான ஆஸ்துமாவுக்கு வந்த புதிய மருந்துகள் பலவும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளிலிருந்தே பிறந்தவை என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஈசினோஃபில் என்பது என்ன? அதை ஏன் ஆஸ்துமாவோடு சேர்த்தே பேசுகிறார்கள்?

ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஐந்து முக்கிய வகைகள் உண்டு. அவற்றில் ஈசினோஃபில் சிறுபான்மை. உடல்நலத்தோடு இருப்பவரிடம் நூறு வெள்ளையணுக்களை எண்ணினால் அதில் ஒன்று முதல் நான்கு வரை ஈசினோஃபிலாக இருக்கும். 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் ரத்தப் பூச்சுகளுக்கு விதவிதமான சாயங்களை ஏற்றிப் பார்த்தபோது, ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஒருவகை அணு மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டதைக் கண்டு அந்தப் பெயரை வைத்தார். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்த அணுவைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது: உட்கரு இரண்டு மடல்களாகப் பிரிந்து ஊதா நிறத்தில் தெரியும்; அதைச் சுற்றி, வேகவைத்த கேழ்வரகு மணிகளை நெருக்கி அடைத்ததுபோல, செம்மஞ்சள் துகள்கள் நிரம்பியிருக்கும்.

அந்தத் துகள்களுக்குள் இருப்பவை கடுமையான புரதங்கள். விழுங்கி அழிக்க முடியாத அளவுக்குப் பெரிய குடற்புழு போன்ற எதிரிகளின் மேல் அவற்றை வெளியே கொட்டித் தாக்குவது இந்த அணுவின் பழைய வேலைகளில் ஒன்று. ஆஸ்துமாவில் புழு எதுவும் இல்லை. ஆனாலும் புழு வந்ததுபோன்ற அழைப்பு எழுகிறது. அந்த அழைப்பை நம்பி வந்த அணு, நம்முடைய மூச்சுக்குழாயின் மேலேயே அந்தப் புரதங்களைக் கொட்டுகிறது.

கேள்வி: அழற்சிக்கான வேதிச் செய்தி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஓர் உயிரணு சுரந்து வெளியே விட்டு, இன்னோர் உயிரணுவின் நடத்தையை மாற்றுகிற மூலக்கூறுகளைச் சொல்கிறேன். அவற்றில் சைட்டோகைன்கள் சிறிய புரதங்கள். இன்டர்லூக்கின் என்று எண்ணிட்டு அழைக்கப்படுபவை பெரும்பாலும் இந்த வகை. கீமோகைன்கள் ஓர் அணுவைக் குறிப்பிட்ட இடத்துக்கு இழுத்துவருகிற புரதங்கள். லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் போன்றவை கொழுப்பிலிருந்து சில நிமிடங்களில் உருவாகிச் சில நிமிடங்களிலேயே வேலையைக் காட்டுபவை. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு விதி உண்டு: அந்தச் செய்திக்கான ஏற்பி தன் மேற்பரப்பில் உள்ள அணுவுக்கு மட்டுமே அது கேட்கும். ஒரே காற்றறையில் ஒரே செய்தி பரவினாலும் ஈசினோஃபில் திரும்பிப் பார்ப்பதும் பக்கத்திலுள்ள நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணு சும்மா இருப்பதும் இந்த ஏற்பி வேறுபாட்டால்தான்.

கேள்வி: முதல் அழைப்பு எங்கிருந்து கிளம்புகிறது?

மூச்சுக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய மேற்தோலிலிருந்து. முன்பெல்லாம் இதை வெறும் தடுப்புச் சுவராகவே நினைத்தார்கள். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சியின் கழிவில் புரதத்தை அரிக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை மேற்தோல் அணுக்களின் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. பூஞ்சை வித்துகள், சளிக்காய்ச்சல் வைரஸ்கள், புகை ஆகியவையும் வெவ்வேறு வழிகளில் அந்தச் சுவரைக் காயப்படுத்துகின்றன. காயப்பட்ட மேற்தோல் டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25 என்ற மூன்று அபாயச் செய்திகளை விடுகிறது.

இவற்றைப் பெற்றுக்கொள்பவை, நோயெதிர்ப்பு அணுக்களான இரண்டாம் வகை உதவி டி-அணுக்களும், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அடையாளம் காணப்பட்ட இரண்டாம் வகை இயல்பு நிணஅணுக்களும். உதவி டி-அணு ஒவ்வாமைப் பொருளை முன்பே அறிந்து பழகியிருக்க வேண்டும். இயல்பு நிணஅணுவுக்கு அந்த அறிமுகம் தேவையில்லை. ஒவ்வாமைப் பரிசோதனையில் எதுவுமே தட்டுப்படாத, நடுவயதில் ஆஸ்துமா தொடங்கிய ஒருவருக்கும் ஈசினோஃபில் மிகுந்திருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கு இது பெருமளவு விடை தருகிறது.

இந்த இரு வகை அணுக்களும் சேர்ந்து இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகியவற்றைச் சுரக்கின்றன. நான்காவது, பி-அணுக்களை ஐ.ஜி.ஈ. என்ற ஒவ்வாமை எதிர்ப்புரதம் தயாரிக்கும்படி மாற்றுகிறது. பதின்மூன்றாவது, கோழை சுரக்கும் அணுக்களைப் பெருக்கி, மூச்சுக்குழாய்த் தசையை எதற்கும் சட்டென்று சுருங்கக்கூடியதாக ஆக்குகிறது. வெள்ளையணுவைப் பொறுத்தவரை முதன்மையானது ஐந்தாவது.

கேள்வி: இன்டர்லூக்கின்-5 ஈசினோஃபிலை என்ன செய்கிறது?

அந்த அணுவின் பிறப்பு, பயணம், ஆயுள் மூன்றையும் அது ஆள்கிறது. எலும்பு மஜ்ஜையில் உள்ள முன்னோடி அணுக்கள் இதன் தூண்டுதலால் ஈசினோஃபிலாக முதிர்கின்றன. முதிர்ந்தவை மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்குள் இறங்குவதும் இதனால் விரைவாகிறது. நுரையீரலில் தொடங்கிய ஓர் அழற்சி, தொடை எலும்புக்குள்ளும் மார்பெலும்புக்குள்ளும் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பதை முதன்முதலாகப் படிக்கிறவர்கள் வியப்பார்கள். ஆஸ்துமாவை மூச்சுக்குழாயோடு மட்டும் முடிந்துபோகிற நோயாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இதுதான்.

ஆயுள் விஷயம் இன்னும் முக்கியமானது. ரத்தத்தில் ஓர் ஈசினோஃபில் இருப்பது சில மணி நேரம்தான். ஒரு நாளைக் கூட அது அங்கே முழுதாகக் கழிப்பதில்லை. திசுவுக்குள் போனபின், உயிர்த்திருக்கச் சொல்லும் செய்தி எதுவும் வராவிட்டால் ஓரிரு நாளில் அமைதியாகத் தன்னை முடித்துக்கொள்ளும். இன்டர்லூக்கின்-5 இருக்கும் இடத்தில் அந்த முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இன்டர்லூக்கின்-3, ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்ற இன்னும் இரண்டு செய்திகளும் இதே ஆயுள் நீட்டிப்பைத் தருகின்றன, ஏனெனில் மூன்றின் ஏற்பிகளிலும் ஒரு பாதி பொதுவானது. ஆகவே மூச்சுக்குழாயில் அணுக்கள் தேங்கிக் கிடப்பதற்கு வரவு கூடியது பாதிக் காரணம் என்றால், போக வேண்டியவை போகாமல் இருப்பது மீதிக் காரணம்.

கேள்வி: ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அணு, சரியாக நுரையீரலில் மட்டும் எப்படி இறங்குகிறது?

இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவை நுரையீரலின் சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவரில் வி.கேம்-1 என்ற ஒட்டும் புரதத்தை முளைக்கச் செய்கின்றன. அதைப் பற்றிக்கொள்வதற்கான கொக்கி ஈசினோஃபிலிடம் உண்டு. நியூட்ரோஃபிலிடம் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். எண்ணிக்கையில் பத்து மடங்குக்கும் மேல் கூடுதலான நியூட்ரோஃபில்கள் அதே குழாய் வழியே கடந்து போய்விட, ஈசினோஃபில் வேகம் குறைந்து, உருண்டு, ஒட்டி நின்று, சுவரின் இடுக்கு வழியே வெளியேறுகிறது.

வெளியேறிய அணுவுக்குத் திசை காட்டுவது இயோடாக்சின் என்ற கீமோகைன். லண்டனில் ஆய்வாளர்கள், ஒவ்வாமை ஏற்றப்பட்ட சீமைப்பெருச்சாளிகளின் நுரையீரலைக் கழுவியெடுத்த நீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1994-இல் வெளியிட்டார்கள். இதற்கான சி.சி.ஆர்.3 என்ற ஏற்பி ஈசினோஃபிலின் மேற்பரப்பில் அடர்த்தியாக இருக்கிறது. செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடம் நோக்கி அது ஊர்ந்து, கடைசியில் மேற்தோலுக்கு அடியில் வந்து சேர்கிறது. திசுக்களில் தங்கியிருந்து ஒவ்வாமையின்போது தூண்டப்படும் மாஸ்ட் அணுக்கள் விடும் புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற கொழுப்புச் செய்தியும் இதே திசையில் இழுக்கிறது.

கேள்வி: வந்து சேர்ந்தபின் அந்த அணுவிடம் என்ன மாற்றம் நிகழ்கிறது?

அது தயார்நிலைக்கு வருகிறது. இன்டர்லூக்கின்-5, ஜி.எம்.-சி.எஸ்.எஃப். ஆகியவற்றில் நனைந்த ஈசினோஃபில், ரத்தத்தில் இருந்தபோது கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு சிறிய தூண்டுதலுக்கும் துகள்களைக் கொட்டிவிடும். ஊதுபத்திப் புகை, குளிர்ந்த காற்று, தாளிக்கும் நெடி போன்ற எளிய விஷயங்கள் ஒருவருக்கு ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் அடுத்த வாரம் வீசிங்கைக் கிளப்புவதற்கு, மூச்சுக்குழாய் அந்தந்த வாரம் எந்த அளவு அழற்சியில் இருக்கிறது என்பதும் காரணம்.

கொட்டப்படும் புரதங்களில் முதன்மைக் காரப் புரதம் என்பது மேற்தோல் அணுக்களை நேரடியாகச் சிதைக்கிறது. சிதைந்த மேற்தோல் மீண்டும் அபாயச் செய்திகளை விடுகிறது. அவை மேலும் அணுக்களை அழைக்கின்றன. இதே புரதம் இன்னொன்றும் செய்கிறது. மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்கும் நரம்பு முனைகளில், ‘இதுவரை சுரந்தது போதும்’ என்று நரம்புக்கு உணர்த்தும் எம்2 என்ற ஏற்பி உண்டு. முதன்மைக் காரப் புரதம் அதன்மேல் போய் உட்கார்ந்து அதை முடக்கிவிடுவதால், நரம்பு அளவு தெரியாமல், தசையைச் சுருக்கும் அசிட்டைல்கோலினைச் சுரந்துகொண்டே போகிறது. தசையும் சுருங்கிக்கொண்டே போகிறது.

கடுமையான ஆஸ்துமா உள்ளவரின் கெட்டிக் கோழையை நுண்ணோக்கியில் பார்த்தால் இருபுறமும் கூர்மையான, ஊசி போன்ற படிகங்கள் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவற்றை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் ஷார்கோ–லேடன் படிகங்கள் என்று வழங்கப்படுகின்றன. வெடித்து மடிந்த ஈசினோஃபில்களிலிருந்து வெளியான கேலெக்டின்-10 என்ற புரதமே இப்படி உறைகிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக இவற்றைச் சண்டை முடிந்த இடத்தின் குப்பை என்றே கருதினார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் 2019-இல், இந்தப் படிகங்களே புதிதாக அழற்சியைத் தூண்டுகின்றன என்றும், அவற்றைக் கரைக்கும் எதிர்ப்புரதங்களை உருவாக்க முடியும் என்றும் எலிகளில் காட்டினார்கள்.

கேள்வி: இரவு 3, 4 மணிக்கு இளைப்பு கூடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கட்டிலின் விளிம்பில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, தோள்களை உயர்த்தி ஒவ்வொரு மூச்சையும் இழுத்து வாங்குகிற அந்த நேரத்தை ஆஸ்துமா உள்ள குடும்பங்கள் நன்கு அறியும். நம் உடலே சுரக்கும் கார்டிசால் இயற்கையான அழற்சி அடக்கி. நள்ளிரவை ஒட்டி அது மிகத் தாழ்ந்து, விடியலை நோக்கி மீண்டும் ஏறுகிறது. ரத்தத்தில் ஈசினோஃபில்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இதற்கு நேர் எதிராக, இரவில் கூடி முற்பகலில் குறைகிறது. இரவு இளைப்பு உள்ளவர்களின் நுரையீரலை அதிகாலை 4 மணிக்கு ஆராய்ந்தபோது, அவர்களுடைய பிற்பகல் நிலையைவிட ஈசினோஃபில்கள் கூடியிருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வாரத்தில் ஓர் இரவு இப்படி விழித்தாலும், நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். “ராத்திரி மட்டும்தான்” என்று அதைச் சிறிதாக்கிச் சொல்வது சரியல்ல.

கேள்வி: ஏ.ஈ.சி. (ரத்தத்திலுள்ள ஈசினோஃபில்களின் மொத்த எண்ணிக்கை) கூடியிருந்தால் ஆஸ்துமா என்று பொருளா? இயல்பாக இருந்தால் ஆஸ்துமா இல்லையா?

இரண்டுமே தவறு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 வரை இயல்பு என்று ஆய்வகங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் மேலே சொன்னபடி ரத்தம் இந்த அணுவுக்கு வெறும் வழிப்பாதை. பாதையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்ற கணக்கு, போய்ச் சேர்ந்த ஊரில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. காலையில் எடுத்த ரத்தத்தில் குறைவாகவும் மாலையில் எடுத்ததில் கூடுதலாகவும் வரலாம். இரண்டு நாள் ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருந்தால் ஏறக்குறைய இல்லாமலே போகலாம். எனவே ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவுக்கு வருவது நல்லதல்ல.

நம் பகுதியில் இன்னொரு காரணத்தையும் நினைவில் வைக்க வேண்டும். யானைக்கால் நோயின் ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் காட்டும் மிகையான எதிர்வினையால், இரவு இருமலும் வீசிங்குமாக ஆஸ்துமாவைப் போலவே தோன்றும் வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபீலியா என்ற நோய் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் இதைக் காசநோய் போன்ற ஒரு நிலையாக விவரித்தார்கள். 1943-இல் வெய்ன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு வெப்பமண்டல ஈசினோபீலியா என்று பெயரிட்டார். இதில் எண்ணிக்கை பொதுவாக 3,000-க்கு மேல் போகும். டைஎத்தில்கார்பமசின் மருந்துக்கு நன்கு கட்டுப்படும். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தால் ஆஸ்துமா என்று மட்டும் நினைத்து நிறுத்திவிடாமல் இதையும், குடற்புழுக்களையும் மருத்துவர் பரிசீலிப்பது அதனால்தான்.

மூச்சுக்குழாயின் நிலவரம் தெரிய வேண்டுமானால் சளியில் உள்ள அணுக்களை எண்ணுவதே நேரடி வழி. 2002-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 74 நோயாளிகளிடம், ஒரு பாதியினருக்கு வழக்கமான முறையிலும் மறுபாதியினருக்குச் சளி ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பார்த்தும் மருந்தின் அளவை முடிவு செய்தார்கள். ஓர் ஆண்டில் முதல் பிரிவில் 109 கடும் தாக்குதல்கள் வந்தன. இரண்டாவதில் 35 மட்டுமே.

கேள்வி: எல்லா ஆஸ்துமாவிலும் ஈசினோஃபில்தான் குற்றவாளியா?

இல்லை. சிலரிடம் நியூட்ரோஃபில் மேலோங்கியிருக்கும். அங்கே அழைப்பு விடுப்பவை இன்டர்லூக்கின்-8, 17 போன்றவை. புகைப்பழக்கம், கிருமித் தொற்று, சில தொழிலிடத் தூசிகள் இதற்குத் துணைபோகின்றன. ஸ்டீராய்டு ஈசினோஃபிலின் மடிவை விரைவுபடுத்தும், நியூட்ரோஃபிலின் ஆயுளையோ நீட்டிக்கும். ஒரே மருந்து ஒருவருக்கு அற்புதமாகவும் இன்னொருவருக்கு அரைகுறையாகவும் வேலை செய்வதை இந்த வேறுபாடு ஓரளவு விளக்குகிறது.

கேள்வி: ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்தச் செய்திகளை என்ன செய்கிறது? நீல இன்ஹேலர் போதாதா?

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, மேற்தோல் அணுக்களுக்கும் டி-அணுக்களுக்கும் உள்ளே போய், சைட்டோகைன்களையும் கீமோகைன்களையும் எழுதித் தரும் மரபணுக்களையே அடக்குகிறது. அழைப்புகள் குறைகின்றன, உயிர்த்திருக்கச் சொல்லும் செய்தி இல்லாமல் வந்திருந்த அணுக்களும் மடிகின்றன. இதற்கு நாள்கள், வாரங்கள் ஆகும் என்பதால் இழுத்தவுடன் எதுவும் தெரியாது. சால்பியூட்டமால் உள்ள நீல இன்ஹேலர் ஐந்து நிமிடத்தில் தசையைத் தளர்த்திவிடும்; ஆனால் சுவரில் குவிந்திருக்கும் ஈசினோஃபில்களில் ஒன்றைக்கூட அது வெளியேற்றாது.

மக்கள் உடனே தெரியும் நிம்மதியை நம்புவது இயல்பு. ஆயினும் இந்த இடத்தில் அந்த நம்பிக்கை உயிரையே வாங்கியிருக்கிறது. அழற்சி வளர்ந்துகொண்டே போகும்போது நீல இன்ஹேலரை நாளுக்கு நாள் கூடுதலாக அழுத்திக்கொண்டு, ஒரு நாள் அதுவும் கேட்காமல் அவசர சிகிச்சைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலை வெளியிடும் ஜைனா அமைப்பு, 2019 முதல் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இத்தகைய விரைவு நிவாரணியைத் தனியாகக் கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவருகிறது. இன்ஹேலர் என்பது கடைசிக் கட்ட மருந்து, ஒருமுறை பிடித்தால் விடாது என்ற பேச்சு நம்மிடையே இன்னும் ஓயவில்லை. மாத்திரையாகவோ ஊசியாகவோ உடல் முழுக்கப் போகும் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால், மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும் இந்த அளவு மிகச் சிறியது. இழுத்தபின் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண் வராமலும் காத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மான்டெலூகாஸ்ட் மாத்திரை எந்தச் செய்தியைத் தடுக்கிறது?

லூக்கோட்ரையீன்களை. மாஸ்ட் அணுவும் ஈசினோஃபிலும் சுரக்கும் இவை தசையை நீண்ட நேரம் சுருக்கி, ரத்தக்குழாயைக் கசியவைக்கின்றன. மாத்திரை அவற்றின் ஏற்பி ஒன்றை அடைத்துவிடுகிறது. பலன் பொதுவாக உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைவிடக் குறைவு. தூக்கக் கலக்கம், எரிச்சல், மனச்சோர்வு போன்றவை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. குழந்தையின் நடத்தை திடீரென மாறினால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

கேள்வி: இன்டர்லூக்கின்-5-ஐத் தடுக்கும் ஊசிகள் உண்மையிலேயே பயன் தருமா?

தக்கவருக்குத் தரும். அது தெரியவருவதற்குள் இந்த மருந்து கைவிடப்படும் நிலைக்கே போய்விட்டது. மெபோலிசுமாப் என்ற எதிர்ப்புரதம் இன்டர்லூக்கின்-5-ஐப் பிடித்துக்கொள்கிறது. 2000-இல் வெளியான முதல் சோதனையில் ரத்த ஈசினோஃபில்கள் சரிந்தன. ஒவ்வாமைப் பொருளை முகர்ந்தபின் வரும் மூச்சுத்திணறலில் மாற்றமே இல்லை. 2007-இல் 362 பேரிடம் நடந்த சோதனையும் ஏமாற்றியது. ஈசினோஃபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பே இல்லை என்றுகூடப் பலர் எழுதினார்கள்.

இடையில் 2003-இல் ஓர் ஆய்வு, மருந்துக்குப் பின் ரத்தத்தில் ஈசினோஃபில் அநேகமாக மறைந்தாலும் மூச்சுக்குழாய்ச் சுவரில் பாதியளவே குறைந்தது என்று காட்டியிருந்தது. அதைவிடப் பெரிய பிழை ஆள் தேர்வில் இருந்தது: ஈசினோஃபில் மிகுந்தவர்களா என்று பார்க்காமலே நோயாளிகளைச் சேர்த்திருந்தார்கள். 2009-இல் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் தனித்தனியே நடந்த இரு சிறிய சோதனைகள், சிகிச்சைக்குப் பின்னும் ஈசினோஃபில் மிகுந்திருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தன. லெஸ்டரில் 61 பேர். ஏறக்குறைய ஓர் ஆண்டில் ஒருவருக்கு வந்த கடும் தாக்குதல்கள், மருந்தில்லாப் போலி ஊசி பெற்றவர்களிடம் சராசரியாக 3.4 ஆகவும், மருந்து பெற்றவர்களிடம் 2.0 ஆகவும் இருந்தன. ஹாமில்டனில் நோயாளிகள் தினமும் எடுத்துவந்த ஸ்டீராய்டு மாத்திரையின் அளவையே குறைக்க முடிந்தது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து மாறவில்லை, கேள்வி மாறியது; யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்டபோதுதான் விடை கிடைத்தது.

பின்னர் வந்த பென்ராலிசுமாப், செய்தியை விட்டுவிட்டு ஈசினோஃபிலின் ஏற்பியையே பிடித்து, இயற்கைக் கொல்லி அணுக்களைக் கொண்டு அந்த அணுவை அழிக்கிறது. டுபிலுமாப் 4, 13 ஆகிய இரண்டையும் ஒருசேரத் தடுக்கிறது. டெசிபெலுமாப் முதல் அபாயச் செய்தியான டி.எஸ்.எல்.பி.-யிலேயே தடுத்துவிடுகிறது. இவை விலை மிகுந்தவை. இன்ஹேலரைச் சரியான முறையில், விடாமல் எடுத்தும் கட்டுப்படாத கடும் ஆஸ்துமாவுக்கானவை. இன்ஹேலரை இழுக்கும் முறையைச் சரிபார்க்காமல் ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்குவது முறையாகாது.

கேள்வி: ஈசினோஃபிலே இல்லாமல் போனால் உடலுக்குக் கேடு வராதா?

பென்ராலிசுமாப் போடுகிறவர்களிடம் ரத்த ஈசினோஃபில் ஏறக்குறைய சுழியாகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில் அதனால் மட்டும் பெருங்கேடு எதுவும் தெரியவரவில்லை. கவலைக்குரிய இடம் குடற்புழு. புழுத்தொற்று இருந்தால் அதை முதலில் குணப்படுத்திவிட்டே இந்த ஊசிகளைத் தொடங்க வேண்டும் என்று மருந்துக் குறிப்புகளே சொல்கின்றன. வயலிலும் ஈரமண்ணிலும் வெறுங்காலோடு நடந்து வேலை செய்கிறவர்களிடம் இது வெறும் சம்பிரதாயம் ஆகாது. ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்ற நூற்புழு தோல் வழியே நுழைந்து, எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் தரப்படும்போது கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இத்தகைய சிகிச்சை தொடங்குவதற்கு முன் மருத்துவர் “செருப்பில்லாமல் வயலில் வேலை செய்வீர்களா?” என்று கேட்டால், அதற்குச் சரியான பதிலைச் சொல்லி, மலப் பரிசோதனையும் தேவையானால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.